எறிகிற கைக்கு நாலு நாள் ஓய்வு

இது நடந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. தெல்லிப்பழைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவே கிடந்த ஒரு மைதானத்தில்தான் எங்கள் பேஸ்போல் குழு விளையாடிக்கொண்டிருந்தது. பேஸ்போல் என்றதும் சிரிக்காதீர்கள். கிரிக்கெட்டையும் உதைபந்தாட்டத்தையும் தவிர வேறொன்றையும் விளையாட்டாக ஒப்புக்கொள்ளாத ஊரில், நாங்கள் பதினொரு பேர் அதைத்தான் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு நின்றோம். எங்களில் ஒருவனின் மாமா கனடாவிலிருந்து வந்தபோது ஒரு பெட்டி நிறையக் கையுறைகளும் இரண்டு மட்டைகளும் கொண்டுவந்து தந்தார். எல்லாம் அதிலிருந்து தொடங்கியதுதான். என் கையுறையைப் பார்த்து, "தம்பி, உது தேன் எடுக்கிறதுக்கோ?" என்று கேட்டவர்கள் உண்டு.

பந்தை எறிகிறவனைப் பிச்சர் என்பார்கள். அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்தியிருந்து அதைப் பிடிக்கிறவன் கச்சர். எங்கள் கச்சர் நான். பிச்சர், பக்கத்து ஊரிலிருந்து வந்த என் நண்பன். இருவருக்கும் ஒரே வயது. வெங்காயம் செய்கிற குடும்பம் அவனுடையது. ஆள் ஒல்லி, அதிகம் கதைக்கவும் மாட்டான். ஆனால் எறிந்தானென்றால் பந்து சீறிக்கொண்டு வரும்.

ஒரு நாள் ஓடிவந்து, காலால் தொடவேண்டிய தளத்துக்குச் சறுக்கினேன். எங்கள் பக்க மண் ஒரு சாண் ஆழம்தான், அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல். மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கல்லில் முழங்கால் மாட்டி, உள்ளே ஏதோ கிழிந்தது. மூன்று மாதம் கட்டிலும் ஊன்றுகோலும்தான். பழையபடி குந்தி எழும்ப முடியுமா என்று கேட்டால், "பாப்பம்" என்பதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. கிழமைக்கு இரண்டு தரம் என் நண்பன்தான் தன் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு பிசியோதெரபிக்குப் போவான். நான் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு காலை மடக்குவேன். அவன் வெளியே வேப்பமரத்தடியில் நிற்பான். திரும்பி வரும்போது, "இண்டைக்கு எவ்வளவு மடங்கினது?" என்று மட்டும் கேட்பான். அழுகை வருகிற நாட்களில் அந்தக் கேள்விக்குக்கூட நான் எரிந்து விழுந்திருக்கிறேன்.

பிசியோதெரபி மிஸ் நல்ல பொறுமைசாலி. எந்தத் தசை எதைத் தாங்குகிறது, ரப்பர் பட்டியை ஏன் இழுக்கச் சொல்கிறார், ஏன் சில நாள் ஒன்றும் செய்யக்கூடாது என்று எல்லாம் சொல்லித் தருவார். கால் சுகமாக ஆக, எனக்குள் ஒரு பயிற்றுநர் வளர்ந்துவிட்டார். கைபேசியில் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து அவருக்குத் தலைக்கனமும் கொஞ்சம் வளர்ந்தது.

அதுவரை எங்கள் பயிற்சி என்றால் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடுவதும் தண்டால் எடுப்பதும்தான். பந்தின் வேகம் கையில் இருக்கிறதென்று நம்பியிருந்தோம். அது பின்னங்காலில் தொடங்கி, இடுப்பால் ஏறி, கடைசியாகத்தான் கைக்கு வருகிறது என்று நான் கண்டுபிடித்தவன் மாதிரி எல்லோருக்கும் விளக்கினேன். எறிந்த பிறகு கையை இழுத்து நிறுத்துவது தோளின் பின்பக்கத் தசை, அது பலவீனமாக இருந்தால் தோள் போய்விடும் என்றும் பயமுறுத்தினேன். பிறகு கொப்பி ஒன்றை வாங்கி அட்டவணை போட்டேன்.

உபகரணம் ஏது? சைக்கிள் கடையில் பழைய ரியூப் வாங்கி நீளமாக வெட்டினோம். முதல் நாள் அதைப் பக்கத்து வளவு முருங்கையில் கட்டி அவனை இழுக்கச் சொன்னேன். முருங்கையில் கட்டுகிற புத்திசாலி நான் ஒருவன்தான் இருந்திருப்பேன். ஐந்தாவது இழுவையில் கிளை காயோடு வந்து விழுந்தது. வளவுக்காரர் எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். அடுத்த நாளிலிருந்து பனையில் கட்டினோம். பால்மா ரின்னுக்குள் சீமெந்து நிரப்பி எடை செய்தோம். இரண்டு கையிலும் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு, தளும்பாமல் வரம்பில் நடக்க வேண்டும். ஒற்றைக்காலில் குந்தி எழும்ப வேண்டும். பக்கவாட்டில் பாய்ந்து நிற்க வேண்டும்.

மற்றவர்கள் இரண்டு கிழமையில் நைசாகக் கழன்றுவிட்டார்கள். அவன் மட்டும் ஒரு நாள் தவறவில்லை. காலையில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வருவான், கொப்பியைப் பார்ப்பான், எழுதியிருப்பதை எழுதியபடி செய்வான். ஏன் எதற்கு என்று கேட்டதே இல்லை. இரண்டு மாதம் போனதும் அவன் எறிகிற பந்தைப் பிடித்தால் என் உள்ளங்கை சிவந்தது. பழைய குஷனிலிருந்து பஞ்சை வெட்டிக் கையுறைக்குள் வைத்துக்கொண்டேன். அந்த மாலைகளை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. பந்து வந்து விழுகிற 'டப்' என்ற சத்தத்துக்குத் தோட்டத்தில் நிற்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அந்த நேரம்தான் மாகாண அணிக்குத் தெரிவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணத்தில் ஆட்களைப் பார்த்து எடுக்கப்போகிறார்கள். எடுபட்டால் கொழும்பில் பயிற்சி, அதற்கு மேலும் வழி உண்டு. அந்த வருடத்தோடு எங்கள் இருவருக்கும் வயதெல்லை முடிகிறது. நான் எடுபட்டால் எனக்குச் சந்தோஷம், அவ்வளவுதான். அவனுக்கு அப்படி இல்லை. வெங்காயத்தையும் விலையையும் தாண்டி ஒரு வாழ்க்கை இருக்கிறதென்று அந்த எறிதல்தான் அவனுக்குக் காட்டியது. அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை என்றாலும் எனக்குத் தெரியும்.

களைத்த தோளோடு போகக்கூடாது என்று, கொப்பியில் கடைசிக் கிழமைக்குப் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'புதன் முதல் சனி வரை சும்மா இரு.' வேறு விளக்கம் எதுவும் எழுதவில்லை.

அதே கிழமை அவன் ஊர் முருகன் கோயிலில் திருவிழா. கொடியேறிய நாளிலிருந்து வீட்டில் சைவம், நான் கொப்பியில் சாப்பாட்டுக்கு எழுதிய முட்டையெல்லாம் அடிபட்டுப்போய் உளுத்தங்களியும் கச்சான் கடலையும் அதன் இடத்துக்கு வந்தன. வெள்ளிக்கிழமை தேர். எங்கள் பெரியப்பா அப்போதுதான் இறந்திருந்தார், துடக்கு வீடு என்பதால் நான் கோயில் பக்கம் போகவில்லை. அன்று பின்னேரம் தொலைபேசியில் கை எப்படி என்று கேட்டேன். "சும்மாதான் இருக்கிறன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கொளுத்துகிற வெயிலில் அவன் நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். என்னைத்தான் அவனுக்குக் கச்சராக நிறுத்தினார்கள். முதல் பந்து அவனுடைய பந்தாகவே இல்லை. இரண்டாவது எனக்கு முன்னால் தரையில் குத்தியது. மூன்றாவதை எறியும்போது முழங்கை தாழ்ந்து, முகம் சுளித்ததைக் கண்டேன். ஓடிப்போய்ச் சட்டைக் கையை மேலே இழுத்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்திருந்தது. தோளில் கை வைத்ததும் துடித்தான்.

"என்னடா இது?"

"பிரதட்டை செய்தனான். தேரண்டு."

எங்கள் பக்கத்தில் ஆண்கள் நேர்த்தி வைத்து, ஈர வேட்டியோடு, கைகளைத் தலைக்கு மேலே நீட்டிக் கூப்பி, கோயில் வெளிவீதி முழுக்க உருண்டு வருவதைத்தான் பிரதட்டை என்போம். ஒவ்வொரு உருளலிலும் உடம்பின் பாரம் தோளில்தான் இறங்கும். மேற்கு வீதியில் மணல் போதாமல் கிரவல் கல் வெளியே தெரிந்ததாம். அதில் ஒரு முழுச் சுற்று.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல? "உனக்கு விசரோடா? மூண்டு மாசம் மாடு மாதிரிப் பாடுபட்டது உருளுறதுக்கோ? அடுத்த வருசம் செய்யிறன் எண்டு சாமிட்டைச் சொல்ல ஏலாதோ?" என்று கத்தினேன். வந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தேரண்டு எண்டுதான் சொன்னனான் மச்சான். சொன்னால் செய்யத்தானே வேணும்" என்றான். யாருக்காக, எதற்காக என்று நான் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் செய்தேன். தெரிவு செய்ய வந்தவர்களிடம் போய், இவனுக்குத் தோள் நோகிறது, இன்னொரு நாள் பாருங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். அவர்கள் நல்ல மனிதர்கள், கேட்டிருந்தால் இணங்கியும் இருப்பார்கள். கோபத்தில் நான் பந்தை அவன் கையில் திணித்துவிட்டு, "எறி, உன்ரை சாமி பிடிக்கட்டும்" என்று சொல்லிப்போட்டுத் திரும்பி வந்தேன். அவன் இன்னும் பத்துப் பந்து எறிந்தான். ஒன்றும் சரிவரவில்லை.

பெயர்களை வாசித்தபோது என் பெயர் இருந்தது, அவன் பெயர் இல்லை. அவன்தான் முதலில் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நாலு நாள் அவனோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள், அன்று கோபத்தில் நான் விட்டுவந்து, அவன் எடுத்துவைத்திருந்த என் கையுறையை எடுக்கவென்று சைக்கிளில் போனேன். அவன் தோட்டத்தில் நின்றான். அவன் அம்மா முற்றத்தில் வெங்காயப் பிடி கட்டிக்கொண்டிருந்தார். நான் கையுறையை வாங்கிக்கொண்டு திரும்பியதும், "தம்பி, கால் இப்ப நோகுதில்லையே? வடிவாக் குந்தி எழும்புறாய்தானே?" என்று கேட்டார்.

"ஓம் அன்ரி, இப்ப ஒண்டுமில்லை."

"முருகன் கைவிடேல்லை. நீ கட்டிலிலை கிடக்கேக்கை இவன் நேத்தி வைச்சவன். உன்ரை கால் பழையபடி வந்தால் தேரண்டு வெளிவீதி உருளுறன் எண்டு. உனக்குச் சொல்லக்கூடாதெண்டவன். சொன்னால் நீ வெக்கப்படுவாயாம்."

கையுறையை அங்கேயே போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். அவன் இடக்கையால் வாய்க்கால் வெட்டிக்கொண்டு நின்றான். வலக்கை இன்னும் தூக்க முடியவில்லை. என்னைக் கண்டதும், அம்மா சொல்லிவிட்டார் என்று அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"என்னட்டை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா" என்றேன்.

"கொப்பியிலை நாலு நாள் சும்மா இரு எண்டுதானே எழுதினனி? எறியிற வேலை இல்லாத நாள்தானே எண்டு நினைச்சன். உருண்டால் தோள் போகும் எண்டு எனக்குத் தெரியேல்லை மச்சான்" என்றான். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. எனக்குத்தான் செவிட்டில் அறை விழுந்த மாதிரி இருந்தது. அவன் தசையை எல்லாம் கணக்கெடுத்த எனக்கு, அந்த நாலு நாளும் அவன் வீட்டில் என்ன நடக்கிறது, அவனுக்கு என்ன கடமை இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "போடா, தண்ணி பாயுது, மற்றப் பக்கத்தை வெட்டு" என்று மண்வெட்டியை நீட்டினான்.

மாகாண அணியில் ஒரு வருடம் விளையாடினேன். பிறகு வேலை, கல்யாணம் என்று வாழ்க்கை போய்விட்டது. அவன் அதே காணியில் தோட்டம் செய்கிறான், இரண்டு பிள்ளைகள். இரண்டு மாதத்தில் தோள் சுகமானது. வயதெல்லை காத்திருக்கவில்லை. இப்போதும் கிழமைக்கு ஒரு தரமாவது சந்திக்கிறோம். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் அவன் இன்றுவரை ஒரு சொல் எடுத்ததில்லை.

என் காலைச் சுகப்படுத்தியது மருத்துவமும் பயிற்சியும்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்று அத்தனை பேருக்கு முன்னால் நான் அவனை விசரன் என்று கத்தியபோது, "உன்ரை காலுக்காகத்தான்ரா" என்று சொல்லி அவன் என் வாயை அடைத்திருக்கலாம். அதைச் சொல்லாமல் தலையைக் குனிந்து, தாங்க முடியாத நோவோடு பந்தை வாங்கிக்கொண்டு நின்றான். இன்றும் யார் மீதாவது கோபம் வந்து கத்த வாயெடுக்கும்போது, அவன் தலை குனிந்து நின்றதுதான் நினைவுக்கு வந்து என்னை நிறுத்துகிறது.