படலைக்கு வெளியில் பத்துங்கோ

“எங்கை சுருட்டு? தம்பியின்ரை வீட்டிலை ஒரு சுருட்டுக்கும் வக்கில்லையே?”

செல்லத்துரை அண்ணர் வெற்றிலைத் தட்டத்தைத் தள்ளிவிட்டு எழும்பினார். தம்பி மகள் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியச் சடங்குப் பந்தல் அது. என் வாயில் பாதிப் பணியாரம்.

அறுபதுகளில் கண்டாவளைப் பக்கம் நான் சுகாதாரப் பரிசோதகர். கிணறு, மலசலகூடம், நுளம்பு, இவைதாம் என் வேலை. புகையிலையின் கேடு பற்றிப் பள்ளிக்கூடத்தில் தொண்டை வற்றப் பேசியும் பார்த்தேன். முடிவில், “ஐயா களைச்சுப் போனியள்” என்று எனக்கே ஒரு சுருட்டை நீட்டினார்கள். என்னத்தைச் சொல்ல!

செல்லத்துரையரின் தம்பி கந்தையருக்கு நெஞ்சு வருத்தம். இனிச் சுருட்டைத் தொட்டால் ஆள் தப்பாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவர் தானாக வாங்குவதில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தட்டத்தில் சுருட்டு வைப்பது மரியாதை. அவர்களோடு கூடப் பற்றவைப்பதும் மரியாதை. அங்கேதான் மனிதர் கெட்டார்.

“தட்டத்திலை சுருட்டு வைக்காதேங்கோ” என்று அவர் மனைவி நல்லம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

“சொல்லுறது சுகம் ஐயா. மரியாதை தெரியாத வீடெண்டு எழும்பிப் போடுவினம்” என்றார் அவர்.

இப்போது அதுவேதான் நடந்தது. நல்லம்மா குசினியில் அடுப்பை விட்டு வந்து, செல்லத்துரையர் முன்னால் நின்றார்.

“அத்தான், நோயாளி இருக்கிற வளவுக்குள்ளை சுருட்டுப் பத்தக்கூடாதாம். கவுண்மேந்துச் சட்டம். ஐயாவைக் கேளுங்கோ.”

அப்படியொரு சட்டம் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கந்தையர் தலை குனிந்து இருமிக்கொண்டிருந்தார்.

“ஓம் அண்ணை, சட்டந்தான். பத்துறதெண்டால் படலைக்கு வெளியில பத்துங்கோ.”

செல்லத்துரையர் என்னை முறைத்தார். மடியிலிருந்து தன் சுருட்டை எடுத்துக்கொண்டு வேலிப் படலையைத் திறந்து வெளியே போனார். திரும்பி வருவாரோ என்று நல்லம்மா படலையையே பார்த்தபடி நின்றார். மனிதர் பற்றி முடித்து, வாய் கொப்பளித்து, வந்து பாயில் இருந்தார்.

“சட்டமெண்டால் என்ன செய்யிறது? சோத்தைப் போடுங்கோ.”

பிறகு என் கந்தோர் மேசைக்கு ஊர்ப் பெண்கள் வரத் தொடங்கினார்கள்: “ஐயா, எங்கட வீட்டுக்கும் அந்தச் சட்டத்தைப் போட்டுவிடுங்கோவன்.” நானும் சளைக்காமல் போட்டேன். அரசாங்கத்துக்கு ஒரு சதம் செலவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். புகைக்கிறவனோடு மல்லுக்கட்டாதீர்கள், அவன் வீட்டில் வேண்டாம் என்று சொல்லத் தவிக்கிறவருக்குத் துணை நில்லுங்கள்.

அந்த மகளின் கலியாணத்துக்கும் போனேன். கந்தையர் பட்டுவேட்டியோடு மணவறையில் நின்றார். வாசலில் செல்லத்துரையர் வருகிறவர்களை மறித்துக்கொண்டிருந்தார்.

“சுருட்டோ? படலைக்கு வெளியில! எங்கட வீட்டுச் சட்டம்.”