அக்கா கூப்பிட்ட மீட்டிங்

எங்கள் பிரிவில் மீட்டிங் வைப்பது, நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் சூப்பர்வைசர்தான். மலேசியாவில் கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலை. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் கலந்த பிரிவு. திங்கட்கிழமை காலை பத்து மணி என்றால் மீட்டிங், அதற்கான அழைப்பு எங்கள் போனில் முன்னாடியே வந்து நிற்கும். வருகிறேன், வரவில்லை, பார்க்கலாம் என்று மூன்று பொத்தான்கள். நான் அழைப்பைப் படித்ததே கிடையாது. வருகிறேன் என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். நம் ஆட்களை யார் எதற்குக் கூப்பிட்டாலும் வாய் முந்திக்கொண்டு ‘வரேன்’ என்றுதான் சொல்லும். போவதும் போகாததும் அப்புறம். கல்யாணப் பத்திரிகை கொண்டு வந்தவரிடம் முகத்துக்கு நேரே வரமுடியாது என்று சொல்லிப் பாருங்கள், உறவு அதோடு முடிந்தது.

ஒரே ஓர் இடத்தில்தான் அந்த வாய் மூடிக்கொள்ளும். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரிடமும் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லக்கூடாது. பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும்.

அக்கா ஒரு சனிக்கிழமை விடியலில் தூக்கத்திலேயே போய்விட்டார். நெஞ்சுவலி என்றார்கள். புக்கிட் செலம்பாவில் இருந்த அவர் வீட்டுக்குக் கம்பெனி வேனில் எல்லாரும் போனோம். பிள்ளைகள் இல்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் கணவர் மட்டும் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் அக்காவின் போன் இருந்தது. நான் முறைப்படி ஒன்றும் சொல்லாமல் கிளம்பி வந்தேன்.

திங்கட்கிழமை காலை, மேஜை மேல் கிடந்த எங்கள் போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. இன்னும் சற்று நேரத்தில் மீட்டிங். அழைப்பவர் அக்கா. சின்ன வட்டத்துக்குள் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். யாரும் போனைத் தொடவில்லை. ஐ.டி. பிரிவு மலாய்ப் பெண் வந்து, கூப்பிட்டவர்தான் இதை நிறுத்த முடியும், இல்லாவிட்டால் கணக்கை மூடச்சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வரவேண்டும் என்றாள். அதற்குள் யாரோ ‘ஹந்து மீட்டிங்’ என்று பெயர் வைத்தாயிற்று. மலாயில் ஹந்து என்றால் பேய். எல்லாரும் சிரித்தோம். சிரித்துவிட்டு, மீட்டிங் அறைக்குள் ஒருவரும் போகாமல், பேச வேண்டியதை வெளியே நின்றுகொண்டே பேசி முடித்தோம்.

அதற்கடுத்த வாரத்தில் ஒரு மதியம், கேன்டீனில் சாப்பிடும்போது போன்கள் மறுபடியும் அதிர்ந்தன. இந்த முறை நினைவூட்டல் இல்லை. மீட்டிங்கை அக்கா மாற்றியிருந்தார். ஞாயிறு, மதியம் ஒரு மணி. இடம் என்ற வரியில் ‘ரூமா’ என்று ஒரே ஒரு மலாய்ச் சொல். வீடு. வேறு ஒன்றும் இல்லை.

எந்த வீடு? எதிரே இருந்த தமிழ்ப் பெண் கைப்பையிலிருந்து திருநீற்றை எடுத்துப் போன்மீது பூசினாள். சீன மேனேஜர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாதிச் சோற்றில் எழுந்து போனார். நான் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வீட்டில் மனைவியிடம் காட்டினேன்.

“அழுத்தாதீங்க. செத்தவங்களுக்குப் போயி வரேன்னு சொல்லுவாங்களா?” என்றாள்.

வரவில்லை என்று தட்டவும் கை வரவில்லை. அக்காவுக்கு நான் அப்படி ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. எனக்கு வாய்த்த வீரத்துக்கு ஏற்ப, பார்க்கலாம் என்பதைத் தட்டினேன்.

மறுநாள் வேலை நேரத்தில் போன் அடித்தது. திரையில் அக்காவின் பெயர், அக்காவின் படம். அடிக்கட்டும் என்று விட்டேன். நின்று, மறுபடியும் அடித்தது. அது மூன்றாவது முறையும் அடிக்குமோ என்ற பயத்தில்தான் எடுத்தேன், தைரியத்தில் இல்லை. எடுத்துக் காதில் வைத்தேன்.

“தம்பி, நான்தான்லா. அவ வீட்டுக்காரரு.”

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. “சொல்லுங்கண்ணே.”

“ஒம் பேருக்கு நேரா மேபின்னு வந்திருக்கு. அப்டின்னா வருவியா, வரமாட்டியா? பதினாறாம் நாளு சாப்பாடு தம்பி. சமைக்கிறவங்களுக்குச் சொல்லணும்லா.”

“நீங்கதான் அனுப்புனீங்களா?”

“அவ வாராவாரம் இதுலதான ஒங்கள கூப்டுவா, பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். எனக்கு அங்க யாரயும் தெரியாது. நான் கூப்டா யாரு வருவா? அவ கூப்டா ஒரு ஆளு விடாம வந்துருவாங்கன்னு பெருமயா சொல்லுவா.”

“வரேண்ணே” என்று சொல்லிவிட்டேன். செத்தவரின் நம்பரில் சொல்லியிருக்கிறேன் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

விஷயத்தை எல்லாரிடமும் விளக்கினேன். “ஐயோ பாவம்” என்றார்கள். வரோம் என்றார்கள், மலாய்ப் பெண்ணும் மேனேஜரும் உட்பட. நானும் அதை நம்பி, எல்லாரும் வராங்கண்ணே என்று அவரிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை லூனாஸில் இருக்கும் என் வீட்டிலிருந்து தனியாகத்தான் காரை எடுத்தேன். மனைவி வரவில்லை. உச்சி வெயிலிலும் செம்பனைக்குள் இருட்டாகவே இருந்தது. வழியில் ஒரு மோட்டார் சைக்கிள்கூட எதிரே வரவில்லை. வீட்டு வாசலில் வேறு காரே இல்லை. சொந்தக்காரர்கள் காலையிலேயே சடங்கை முடித்துச் சாப்பிட்டுப் போய்விட்டார்களாம். எங்களுக்கென்று தனிப் பந்தி.

கூடத்தில் மாலை போட்ட அக்காவின் படம், விளக்கு, பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் அவர் போன். கீழே சுவரோரமாக வரிசையாக வாழையிலைகள். எல்லாவற்றிலும் அண்ணன் சோறு பரிமாறியிருந்தார்.

“உக்காரு தம்பி. இந்த எல அந்த மெலாயு புள்ளைக்கு, பாயசம்னா புடிக்குமாம். இது மேனேஜருக்கு, காரம் கொறச்சிருக்கேன். எல்லாம் அவ சொல்லித்தான் தெரியும்.”

உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் காத்திருந்தோம். சாம்பாரில் ஆடை கட்டியது. யாருக்கும் போன் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை. ஆள் இல்லாத இலையில் சோறு போடுவது செத்தவர்களுக்குப் படைக்கும்போதுதான். நாளைக் காலை நான் பார்த்துப் பேசப்போகிறவர்கள் எல்லாருக்கும் அங்கே படையல் வைத்திருந்தது. அந்த வரிசையின் கடைசியில் உட்கார்ந்து, நான் ஒருவன் மட்டும் சாப்பிட்டேன். அக்கா படத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

அண்ணன் எனக்கு மட்டும் மறுசோறு போட்டார். பிறகு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வாசல் பக்கம் பார்ப்பதை அவர் எப்போதோ விட்டிருந்தார்.

“பயந்துட்டாங்க, இல்ல தம்பி?”

நான் மறுசோற்றைப் பிசைந்தேன்.

“சொல்லிரு அவங்ககிட்ட. அவ யாரயும் ஒண்ணும் செய்யமாட்டா.”