பதில் போகாத கட்டுரை

மர்ஜானா வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் காளீஸ்வரன், ராமநாதபுரத்தில் தம் வீட்டு மாடி அறையில் ‘கரைவரலாறு’ என்றொரு ஆய்விதழை அப்போதுதான் தொடங்கியிருந்தார். ஆறு மாதத்துக்கு ஓர் இதழ், முந்நூறு பிரதி. தட்டச்சு தெரிந்த ஆள் வேண்டுமென்று கேட்டார். அவள் போனாள். இருபத்தேழு வருடம் அந்த மாடிப்படி ஏறி இறங்கினாள்.

தட்டச்சு மட்டும் அவள் வேலை இல்லை. வருகிற கட்டுரைக்கு எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். எழுதியவர் பெயரை மறைத்து, அந்தத் துறை தெரிந்த ஒருவருக்கு மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவர் எழுதித் தருகிற கருத்தை, இப்போது அவர் பெயரை மறைத்து, கட்டுரையாளருக்கு அனுப்ப வேண்டும். யார் யாரைப் படித்தார்கள் என்பது சாருக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும். கல்யாண வீட்டில்கூட அவள் வாய் தவறி ஒரு பெயர் சொன்னதில்லை.

போன வருடம் சார் காலமானார். இதழும் அதோடு நின்றது. பெங்களூரில் இருக்கும் அவருடைய மகள் அருந்ததி, காகிதங்களையெல்லாம் ஒரு கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்துவிட முடிவு செய்தாள். நூலகம் கேட்டது ஒன்றுதான்: எதெது இருக்கிறது என்று முழுப் பட்டியல் வேண்டும்.

“உங்களைத் தவிர யாருக்கும் முடியாதுக்கா” என்றாள் அருந்ததி.

இரண்டு இரும்பு பீரோ. மர்ஜானா காலையில் வந்து பகல் தொழுகைவரை இருப்பாள். பழைய கோப்புகளைத் தட்டி, துருப்பிடித்த குண்டூசிகளைப் பிடுங்கி, ஒவ்வொன்றையும் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பாள். பதிவேடு சுத்தமாக இருந்தது. வந்த நாள், அனுப்பிய நாள், முடிவு என்று வரிசை தப்பாமல் அவளுடைய சின்னக் கையெழுத்து. அதைப் பார்க்க அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் 113-ஆம் எண்ணுக்கு வந்தாள். 1999, அக்டோபர். ‘மணல் தீடைகளின் பெயர்கள்’. எழுதியவர் முருகேசு. முடிவு என்ற கட்டம் காலியாக இருந்தது.

கோப்பைத் தேடி எடுத்தாள். கோடு போட்ட தாளில் கையால் எழுதிய பதினெட்டுப் பக்கம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடலில் கிடக்கிற மணல் திட்டுகளை, அதாவது தீடைகளை, இரண்டு கரை மீனவர்களும் என்னென்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலும் பாம்பனிலும் கேட்டு எழுதியது. கீழே மதிப்பீட்டாளரின் கருத்து, நான்கு பக்கம். அதன் தலையில் சாரின் பச்சை மை: ‘ஏற்கலாம். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வாங்கவும்.’

அதற்கும் கீழே ஒட்டிய உறை ஒன்று இருந்தது. முகவரி முழுமையில்லை என்று தபால்காரர் எழுதித் திருப்பியிருந்தார். ‘முருகேசு, மண்டபம் முகாம்’ என்று மட்டும் அவள் கையெழுத்து. கட்டுரையோடு வந்த கடிதத்தில் வரிசை எண்ணும் வீட்டு எண்ணும் தெளிவாக இருந்தன. அவள்தான் விட்டிருக்கிறாள்.

நினைவு வந்தது. எட்டு மாத வயிற்றோடு மாடி ஏறிய கடைசி நாள் அது. உறை திரும்பி வந்ததைக் கையில் வாங்கி, நாளைக்குச் சரிபண்ணி அனுப்புவோம் என்று கோப்புக்குள் வைத்தாள். மறுநாள் காலையே வலி கண்டுவிட்டது. ஏர்வாடியில் உம்மா வீட்டில் பிள்ளை பெற்று ஏழு மாதம் கழித்துத் திரும்பியபோது, அது அவள் மனசிலேயே இல்லை.

அந்த ஏழு மாதத்துக் கடிதக் கட்டையும் பிரித்தாள். முருகேசுவிடமிருந்து மூன்று அஞ்சலட்டைகள். முதலாவதில் கட்டுரை கிடைத்ததா என்று கேட்டிருந்தார். அதன் ஓரத்தில் ‘மர்ஜானா வந்ததும் கேட்க’ என்று சார் குறித்திருந்தார். அவரும் பிறகு மறந்திருக்க வேண்டும். இரண்டாவதும் அதே கேள்விதான். மூன்றாவதில் இரண்டே வரி: ‘தங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேன். மன்னிக்கவும்.’

மர்ஜானா அன்றைக்கு அதற்குமேல் வேலை பார்க்கவில்லை.

வீட்டில் கணவர் நவ்ஷாத்திடம் சொன்னாள். சவூதியிலிருந்து திரும்பி இரண்டு வருடமாகிறது அவருக்கு. “இருவத்தஞ்சு வருசமாச்சு. அந்த மனுசன் எங்கன இருக்காரோ. ஊருக்கே திரும்பிப் போயிருப்பாரு. நீ பட்டியல்ல ‘பதில் இல்லை’ன்னு எழுதிட்டுப் போயேன்.”

“பதில் இல்லாம இருந்தது நாமதான். அவரு மூணு தடவ எழுதிட்டாரு.”

 “நானும் வரட்டா?” என்றார் நவ்ஷாத்.

“வேணாம். என் தப்பு, நானே போறேன்.”

முகாமுக்குள் வெளியாட்கள் நினைத்தபடி போய்விட முடியாது. மண்டபத்தில் பஸ் இறங்கி, முகாம் வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் விசாரித்தாள்.

“முருகேசு வாத்தியாரா?” என்றார் கடைக்காரர். “காலையிலதானே இங்கன உக்காந்து பேப்பர் படிச்சிட்டுப் போனாரு. இருங்க, சொல்லி விடுறேன்.”

முதலில் வந்தது அவருடைய மகள் டிலக்ஷனா. முப்பத்துநாலு வயது. பின்னாலேயே தடியூன்றி முருகேசு வந்தார். எண்பதை நெருங்கியவர், சட்டைப் பையில் கண்ணாடிக்கூடு. பெஞ்சில் உட்கார்ந்ததும் மர்ஜானா சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

“அய்யா, நீங்க தொண்ணூத்தொம்பதுல எங்க ‘கரைவரலாறு’ இதழுக்கு ஒரு கட்டுரை அனுப்புனீங்க. அத ஏத்துக்கிட்டாங்க. உங்களுக்குக் கடிதம் போட்டது நான். முகவரிய அரைகுறையா எழுதிட்டேன். திரும்பி வந்தத எடுத்து வச்சுட்டு மறந்தும் போயிட்டேன். தப்பு எம்மேலதான்.”

முருகேசு அவள் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார். டிலக்ஷனாதான் பேசினாள். “அப்பா அதுக்குப் பிறகு ஒரு வரியும் எழுதேல்ல. தெரியுமோ உங்களுக்கு? தனக்கு எழுத வராதெண்டு கொப்பியெல்லாத்தையும் கட்டி வச்சவர்.”

மர்ஜானாவால் தலை நிமிர முடியவில்லை. கோப்பை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் தம் கட்டுரையைத் தொடவில்லை. அந்த நான்கு பக்கக் கருத்தை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வாங்கிய டீ ஆறிப்போனது. ஓரிடத்தில் விரல் வைத்துத் திரும்பப் படித்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“இங்க பார் பிள்ளை, என்ன கேட்டிருக்கிறார் எண்டு. ரெண்டு கரையாக்களும் ‘அஞ்சாம் தீடை’ எண்டுதான் சொல்லினம். அவையவை தங்கடை கரையிலயிருந்தெல்லோ எண்ணுவினம், அப்ப அது ஒரே மணலாய் இருக்குமோ எண்டு கேக்கிறார். சரியான கேள்வி! நான் ரெண்டையும் போட்டுக் குழப்பித்தான் எழுதினனான். அனுப்பி மூண்டு மாதத்தில எனக்கே விளங்கிட்டுது. இந்தப் பிழையாலதான் பதில் போடாமல் விட்டவை எண்டு நினைச்சன்.”

“இல்லங்கய்யா. நல்லா வந்திருக்குன்னுதான் எழுதியிருக்காரு.”

“ஓம், பார்த்தன்.” தாளை மடியில் வைத்துத் தடவினார். “ஆர் இவர்?”

“பேரு சொல்லக்கூடாதுங்கய்யா. இதழ்ல அப்படி ஒரு விதி.”

“வேண்டாம், வேண்டாம். ஆரோ ஒருத்தர் நாலு பக்கம் இருந்து எழுதியிருக்கிறார். அதே காணும், போதும்.” ஆறிய டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். “தொண்ணூறில படகுக்காரர் எங்களை ஒரு தீடையில இறக்கி, இதுதான் இந்தியா எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டினம். விடிஞ்சு பார்த்தால் சுத்திவரத் தண்ணி. ஒண்டரை நாள் இருந்தம். இவள் அப்ப தாயின்ரை வயித்தில. இந்த இடத்துக்கு என்ன பேர் எண்டு என்ரை மனுசி கேட்டா. எனக்குத் தெரியேல்ல. பிறகு முகாமில ஒவ்வொருத்தராய்க் கேக்கத் தொடங்கினன்.”

டிலக்ஷனா அப்பாவையே பார்த்தாள். “இதை எனக்கு நீங்கள் சொன்னதேயில்லை.”

“நீ கேக்கேல்லையே.”

அவள் எழுந்துபோய் மூன்று பேருக்கும் வேறு டீ வாங்கி வந்தாள். மர்ஜானாவின் கையில் கொடுக்கும்போது, “குடியுங்கோக்கா, ஆறப்போகுது” என்றாள்.

பதில் எழுத முருகேசு இரண்டு வாரம் கேட்டார். ஐந்து வாரம் ஆனது. கட்டி வைத்திருந்த பழைய நோட்டுக் கொப்பிகளை அவிழ்த்து, தீடைகளை ஒவ்வொரு கரையிலிருந்தும் தனித்தனியே எண்ணி, இரண்டு பட்டியலாக எழுதிக் கொடுத்தார். மர்ஜானா முழுக் கட்டுரையையும் கணினியில் அடித்தாள். அருந்ததியிடம் போனில் நடந்ததைச் சொன்னாள்.

“அப்பா ஏத்துக்கிட்டார்னா அது வரணும்க்கா. கடைசியா ஒரு இதழ் போட்டுருவோம்” என்றாள் அருந்ததி.

அந்த ஒரே கட்டுரையோடு, இருபத்தெட்டுப் பக்கத்தில் இதழ் வந்தது. அடியில் ஒரு குறிப்பு போட வேண்டுமென்று மர்ஜானா பிடிவாதமாகக் கேட்டாள்: ‘இக்கட்டுரை 2000-இலேயே ஏற்கப்பட்டது. வெளிவரத் தாமதமானது என் தவறு. — மர்ஜானா, அலுவலக உதவியாளர்.’ இருபத்தேழு வருடத்தில் அவள் பெயர் அந்த இதழில் அச்சேறியது அதுதான் முதல் தடவை.

பிரதிகளை எடுத்துக்கொண்டு போனபோது முருகேசு குறிப்பைப் படித்தார். “இது என்னத்துக்கு, பிள்ளை?”

“எனக்காக அது இருக்கணும்ங்கய்யா.”

“அப்படியெண்டால் இருக்கட்டும்.” பக்கம் புரட்டினார். பன்னிரண்டாம் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்து, வாத்தியார் பேனாவால் வட்டம் போட்டு அவளிடமே காட்டினார். டிலக்ஷனா வாய்விட்டுச் சிரித்தாள். மர்ஜானாவும் சிரித்தாள், கண் கலங்கியதை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

பட்டியல் வேலை ஆடி மாதத்தில் முடிந்தது. பீரோக்கள் நூலகத்துக்குப் போய்விட்டன. மர்ஜானா ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபத்துக்குப் போகிறாள். முருகேசு இப்போது நீரோட்டங்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருக்கிறார். எதில் அச்சாகும் என்று இருவருக்கும் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். சந்தேகம் வந்தால் நிறுத்திக் கேட்கிறாள். டிலக்ஷனா வீட்டிலிருந்து புட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்து, டீக்கடை பெஞ்சிலேயே மூன்று தட்டு வைக்கிறாள்.