காசிநாதர் பேர் போட்ட நாவல்

என் அண்ணன் பாக்கியரத்தினத்தை நாவலாசிரியர் என்றால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகில் ஏறுகிற சனத்தின் பேரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதுவதுதான் அவருடைய உத்தியோகம். யுத்த காலத்தில் அந்தப் பட்டியலைச் சோதனைச்சாவடி பார்த்து முடிக்காமல் லோஞ்சு அசையாது. மூன்று பிரதி எழுதவேண்டும். அவர் வேலைசெய்யும் கந்தோரில் தங்கும் மூன்றாம் பிரதியை மாதம் முடியக் குப்பையில் போடுவார்கள். அண்ணன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பின்பக்கத்தில் நாவல் எழுதினார். வெள்ளைத்தாள் வாங்கினால் என்ன என்று கேட்டால், "வெள்ளைத்தாளைக் கண்டா எனக்குப் பயமாக் கிடக்கு" என்பார். நாற்பது வயசு ஆள் சொல்கிற கதையா இது?

வாசிப்பும் அப்படித்தான். வாசிகசாலையில் கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோன புத்தகமாகப் பார்த்து எடுப்பார். முடிவைத் தானே யோசித்துச் சோற்றுக்கோப்பைக்கு முன்னால் இருந்து எனக்குச் சொல்லுவார். அவருடைய முடிவில் ஒருவரும் சாவதில்லை. வெளியில் நடப்பதைப் பார்த்துக்கொண்டும் இந்த மனிசன் இப்படி இருக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருக்குக் கதை கிடைத்தது இறங்குதுறையில். மணிக்கணக்காகக் காத்திருக்கும் சனம் வாயை மூடிக்கொண்டா இருக்கும்? அதிலும் மூதூருக்குப் பக்கத்துக் கட்டைபறிச்சான் ஊர்க் காசிநாதர் தொடங்கினால் நிறுத்தமாட்டார். கிழமைக்கு இரண்டு தரம் எருமைத் தயிர் கொண்டுவந்து விற்றுவிட்டு வெறுஞ்சட்டிகளோடு திரும்புகிறவர். மனைவி சீதேவி கோபித்துக்கொண்டு மூன்று நாள் புளியமரத்தின் கீழ் தனக்கு மட்டும் சமைத்ததை அவர் சொல்ல, அண்ணன் பட்டியலையே மறந்து சிரித்திருக்கிறார். அவரையே நாவலின் நாயகனாக்கினார். பேரை மாற்றத்தான் நினைத்தார். காசிநாதர் விடவில்லை.

"பேரை மாத்தினா அது நான்தான் எண்டு சீதேவிக்கு எப்பிடித் தெரியும்? என்ர பேரையே போடும், தம்பி."

"சரி அண்ணை, போடுறன்."

ஆனால் தயிர் விற்கிறவரை மட்டும் வைத்து இருநூறு பக்கம் ஓட்ட ஏலாது என்று அண்ணனுக்குப் பட்டது. ஓர் ஆபத்து வேண்டுமாம். அந்த நாட்களில் குண்டு செய்யப் பாவிப்பார்கள் என்று அக்கரைக்கு டோர்ச் பற்றரி கொண்டுபோகத் தடை. அண்ணன் தன்பாட்டில் காசிநாதரின் வெறுஞ்சட்டிக்குள் எட்டுப் பற்றரியை ஒளித்து எழுதினார். உண்மையான காசிநாதரோ நெருப்புப்பெட்டி கொண்டுபோகவும் நாலு பேரிடம் கேட்கிற பயந்த மனிசன்.

தொண்ணூற்றேழு மாசி மாதம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எழுதிய பக்கத்தை அண்ணன் எழுதும் அட்டையிலேயே செருகி வைத்திருந்தார். பின்னேர லோஞ்சின் பட்டியலைச் சோதனைச்சாவடியில் நீட்டியபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது. அரை மணித்தியாலத்தில் காசிநாதரைப் பேர் சொல்லி இறக்கினார்கள். சட்டிகளை உடைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஆனாலும் ஆளை விடவில்லை.

வழமையான விசாரணை என்றுதான் அண்ணன் நினைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து தாள்களை அடுக்கும்போதுதான் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைக் காணவில்லை.

"புஷ்பம், நான் அவரைக் காட்டிக் குடுத்திட்டன்" என்று எனக்குச் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். ஆறு மணிக்குப் பிறகு தெருவில் இறங்க ஏலாது. விடிந்ததும் போய் அது வெறுங்கதை என்று சொல்லப்போவதாகச் சொன்னார்.

எனக்கு வேறு பயம். வீட்டைச் சோதிக்க வருவார்கள், மிச்சத் தாள்களில் இன்னும் யார் யார் பேர் கிடக்கிறதோ, எங்கள் இரண்டு பேரையும் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று பயந்தேன். காலையில் அவர் கிணற்றடிக்குப் போன நேரம் அலுமாரியில் இருந்த அத்தனை பக்கங்களையும் குசினி அடுப்பில் வைத்து எரித்தேன். அவருக்குச் சொல்லவில்லை. பிறகு சொல்லலாம் என்று விட்டேன்.

சோதனைச்சாவடிக்குப் போன இடத்தில் அண்ணனுக்குத் தேத்தண்ணி கொடுத்தார்களாம். அவர் தகவல் எழுதிக் கொடுத்ததாகவே நினைத்திருக்கிறார்கள். அது நாவல் என்று இவர் சொல்ல, தமிழ் தெரிந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: "கதை எண்டா மிச்சம் எங்க? கொண்டு வா, பாப்பம்."

ஓட்டமும் நடையுமாக வந்தார். அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நான் கண்டதில்லை.

"புஷ்பம், தப்பிச்சம்! மிச்சப் பக்கத்தைக் காட்டினா விடுவினமாம்!"

அலுமாரியைத் திறந்தார். நான் குசினி வாசலிலேயே நின்றேன். சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டார். ஏசவில்லை. அடித்திருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும்.

எரிந்துவிட்டது என்றால் யார் நம்புவார்கள்? கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு மேசையில் இருந்தார். வெள்ளைத்தாளில்தான் எழுதினார். பதினொரு நாளில் முழு நாவலையும் ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதினார். முன்பு இல்லாத கடைசி அத்தியாயமும் வந்தது. அதில் காசிநாதர் வீட்டுக்குப் போய்ச் சேருகிறார். அண்ணன் தன் வாழ்நாளில் எழுதி முடித்த நாவல் அது ஒன்றுதான்.

பன்னிரண்டாம் நாள் கொண்டுபோனார். அங்கே ஆட்கள் மாறியிருந்தார்கள். அப்படி ஒருவரை இங்கே பிடிக்கவில்லை என்றார்கள். தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

சீதேவி கிழமைதோறும் லோஞ்சில் வந்து ஒவ்வொரு வாசலாக விசாரித்தா. அண்ணன் தன் பிழையை அவவிடம் ஒளிக்கவில்லை. நான் செய்ததை மட்டும் சொல்லவில்லை. பல மாதத்துக்குப் பிறகு ஒருநாள் அவ எங்கள் வீட்டுக்கு வந்து, அவரைப் பற்றி எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டா. அண்ணன் வாசித்தார். புளியமரத்துச் சமையல் வந்த இடத்தில் அவ சிரித்தா. கடைசிப் பக்கம் முடிந்ததும் கேட்டா.

"அண்டைக்கே இதைக் காட்டியிருந்தா அவரை விட்டிருப்பாங்கள், என்ன தம்பி?"

அண்ணன் என்னைப் பார்க்கவேயில்லை.

"ஓம் அக்கா. நான்தான் பிந்திப் போனனான்."

நான் தேத்தண்ணியை அவவின் கையில் கொடுத்தேன்.