எல்லைக்கல்லோடு ஒரு மருதமரம்

தென்காசி நண்பரின் கார்டு, 1959 ஆடி: “மேலகரம் மருதமரம் இந்தக் காற்றுக்குத் தாங்காது. படம் வேண்டுமானால் உடனே வாரும்.”

வந்துவிட்டேன். குற்றாலம் சாலையோரம் மரம் வேர் கிளம்பிச் சாய்ந்து நிற்கிறது. கேமராவை எடுத்ததும் வயல்காரர் ஓடி வருகிறார்.

“அண்ணாச்சி, எல்லைக்கல்லையும் சேத்து எடுங்க. மரம் விழுந்துட்டா, தன் நெலத்துல நின்னுதுன்னு என் தம்பி சொல்லுவான்.”

பக்கத்து வயலிலிருந்து தம்பியும் குடையோடு வருகிறார்.

“நல்லா எடுங்க அண்ணாச்சி. யாரு பக்கம் நிக்குதுன்னு கோர்ட்டு பாக்கட்டும்.”

“ஏலே, மொதல்ல குடையப் பிடி. கேமரா நனையுதுல்லா.”

தம்பி குடை பிடிக்கிறார். காற்றில் அது மடங்காதபடி அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார். சுருளில் மிச்சமிருந்த ஒரே படத்தை எடுக்கிறேன்.

“கல்லு தெரியும்லா?” இருவரும் கேட்கிறார்கள்.

வெளிச்சம் மிகக் குறைவு. கல் பதிந்திருக்கிறதா என்பது சுருளைக் கழுவாதவரை உறுதியில்லை. இன்னும் கழுவவில்லை.