வெர்சோவா கரையில் சிவப்பு நூல் கட்டிய ஆமைகள்

வெர்சோவாவுக்கு ஆமை பார்க்கப் போகலாமா என்று கேட்டு எழுதும் நண்பர்களுக்காக, அறுபதுகளில் போய்வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். அப்போது நான் பம்பாய் மாட்டுங்காவில் பள்ளி ஆசிரியர். கரையொதுங்கும் ஆமைகளையும் வலையில் தவறிச் சிக்குபவற்றையும் எண்ணித் தரும்படி விலங்கியல் பேராசிரியர் ஒருவர் கேட்டிருந்தார். மழை ஓய்ந்து படகுகள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கியிருந்த நேரம்.

துணைக்கு வந்தவர் தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்த காஜா மைதீன். திருநெல்வேலிக்காரர், மராத்தி சரளம். மாஹிமில் காலை 6.10 லோக்கல் ரயில், அந்தேரிக்கு இருபது காசு. அங்கிருந்து பஸ்ஸுக்குப் பதினைந்து காசு. பிறகு மணலில் இரண்டு மைல் நடை.

"ஆமைக்கும் அட்டெண்டன்ஸ் எடுக்கீரோ, சார்வாள்?" என்று வழியெல்லாம் கேலி.

நான்கு கடலாமைகள் செத்துக் கிடந்தன. மூன்றின் துடுப்பில் சிவப்பு நூல். பிள்ளைகள் விளையாட்டாகக் கட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

எட்டரை மணிக்கு எங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு படகு கரையேறியது. காஜாவுக்குத் தெரிந்த மீனவர் பாண்டு, வலையில் சிக்கிய ஆமையை மணலில் இறக்கினார். அசைவில்லை. கரையில் காத்திருந்த அவர் மனைவி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, துடுப்பில் சிவப்பு நூல் கட்டினாள். ஆமை விஷ்ணுவின் அவதாரமல்லவா? பூசை செய்து உடனே கடலில் விடுவது அவர்கள் வழக்கமாம்.

ஆமைக்கும் நம்மைப் போல நுரையீரல்தான். வலைக்குள் மூச்சடைத்து மயங்கியதை உடனே நீரில் விடுவது, மயங்கி விழுந்த மாணவனைக் கிணற்றில் போடுவது போல.

விட வேண்டாம் என்று காஜாவிடம் சொல்லச் சொன்னேன். பாண்டு முறைத்தார்.

"சாமியைக் கரையில காக்க வைக்கப்பிடாதாம். உமக்கென்ன தெரியும்ங்கான், சார்வாள்," என்றார் காஜா.

பாண்டுவையும் மனைவியையும் அழைத்துப்போய்ச் செத்தவற்றைக் காட்டினேன். அந்த அம்மாள் குனிந்து ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுப் பார்த்தாள். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

காஜாவின் குரல் இறங்கிவிட்டது. "மூணும் அவ போட்ட முடிச்சுதானாம்."

பாண்டு ஆமையைப் படகு நிழலுக்கு இழுத்தார். உள்ளே போன நீர் வடியும்படி பின்பக்கம் உயர்ந்திருக்கப் பலகை கொடுத்து, முதுகில் ஈரச் சாக்கு போட்டோம். மூன்றே காலுக்கு அது ஒரு மூச்சு விட்டது. ஐந்தரைக்குத் தானே நகர்ந்தது, கடலில் விட்டோம்.

அந்த அம்மாள் அதைப் பார்க்க எழுந்து வரவில்லை. "இத்தனை வருசத்துல எத்தனை இருக்கும்னு கேக்கா," என்றார் காஜா. எண்ணப் போனவன் நான்.

போகிறவர்கள் காலையில், நீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். குடிநீர் அவசியம். ஆமை செத்ததுபோலத் தெரிந்தாலும் நிழலில் ஈரமாக வைத்து, தேவைப்பட்டால் ஒரு நாள் முழுதும் பொறுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். வலைக்காரர்களுக்கு விளக்க நேர்ந்தால், என்னைப் போலச் செத்தவற்றை முதலில் காட்டாதீர்கள். ஒன்று மூச்சு விடும்வரை அவர்களோடு உட்கார்ந்திருங்கள். மற்றதைப் பிறகு சொல்லலாம்.