நாற்பதில் முப்பத்தாறு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் விடுதிச் சமையல்காரர். தட்டு கழுவ வந்து, யார் சிபாரிசும் இல்லாமல், இருபத்திரண்டு வருஷமாக அந்த மெஸ்ஸையே நடத்துகிறவர். அப்படிப்பட்ட மனுஷனைக் கூப்பிட்டு, இன்றோடு அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பு என்றால் ரத்தம் கொதிக்குமா, கொதிக்காதா?

"நாப்பது பசங்க வாந்தி எடுத்துப் படுத்திருக்காங்க. அதுல முப்பத்தாறு பேர் நேத்து உங்ககிட்ட சாப்பிட்டவங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார் கல்லூரி முதல்வர். பக்கத்தில் கணக்கு வாத்தியார் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

சமையல்காரர் விறுவிறுவென்று போய் டோக்கன் பலகையைச் சுவரிலிருந்து பெயர்த்து வந்து மேஜைமேல் போட்டார். ஆளுக்கொரு தகர டோக்கன், அறை எண்ணோடு. சாப்பிட வருகிறவன் அதைக் கழற்றி டப்பாவில் போடுவான். வராதவனுடையது பலகையிலேயே தொங்கும். நேற்றைய டோக்கன்களை இன்னும் யாரும் திருப்பி மாட்டவில்லை.

"எண்ணிக்குங்க. மொத்தம் இருநூறு பேர். நேத்து சாப்பிட்டது நூத்தியெண்பது, அதுல படுத்தது முப்பத்தாறு. அஞ்சுல ஒருத்தன். என் சாப்பாட்டைத் தொடாதவன் இருபது பேர். அதுல படுத்தது நாலு. அதுவும் அஞ்சுல ஒருத்தன்! சாப்பிட்டாலும் அதே கதி, சாப்பிடலேன்னாலும் அதே கதி. என் சமையல் என்ன சார் பண்ணுச்சு? படுத்தவன்ல எத்தனை பேர் சாப்பிட்டான்னு கேட்டீங்க. சாப்பிட்டவன்ல எத்தனை பேர் படுத்தான்னு கேட்டீங்களா?"

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். சமையல்காரர் விடவில்லை. மேஜையில் கிடந்த நோயாளிப் பட்டியலை இழுத்து, அறை எண்களில் விரலை ஓட்டினார்.

"மாடியில அம்பது பேர், முப்பத்தஞ்சு பேர் படுத்தாச்சு. கீழ நூத்தியம்பது பேர், அஞ்சே அஞ்சு. மாடிக்குத் தனித் தண்ணித்தொட்டி. அதைக் கழுவி எத்தனை வருஷமாச்சு?"

கணக்கு வாத்தியார் மெதுவாக நிமிர்ந்தார். "அண்ணே, இதைத்தான் நாங்க நிபந்தனை நிகழ்தகவுன்னு பாடம் நடத்துறோம்."

"நடத்துறீங்கல்ல? அப்போ இவர் தலைகீழா எண்ணும்போது வாயை எங்க அடகு வச்சிருந்தீங்க?"

வாத்தியார் மறுபடி குனிந்துகொண்டார். முதல்வர் தொட்டியைப் பார்க்க ஆளனுப்பச் சொல்லி போன் பண்ணினார். பிறகு தொண்டையைச் செருமினார். "சரிங்க, கோவத்தை விடுங்க. மத்தியானம் எப்பவும்போல சமைங்க."

"சமைக்கிறேன். ஆனா முதல் தட்டு உங்களுக்கு. பசங்க அத்தனை பேரும் பார்க்க, நடு பெஞ்சுல உட்கார்ந்து சாப்பிடணும்."

அன்று மத்தியானம் முதல்வர் நடு பெஞ்சில் உட்கார்ந்தார். சமையல்காரர் தானே பரிமாறினார். முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை.